பதினோரு பாடுகள்

பிரசங்கிக்கு விசுவாசத்தின் பொருட்டு நேர்ந்த பாடுகள் மொத்தம் பதினொன்று. சட்டைப்பை நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தான். மூன்று வருஷத்துக்குப் பதினொன்று அதிகமா, குறைவா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போஸ்தலர்களோடு ஒப்பிட்டால் குறைவு. பல் செட்டு செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறவனுக்கு அதிகம்தான்.

அவன் உண்மையில் பிரசங்கி இல்லை. அந்தப் பெயர்தான் முதல் பாடு. ஞானஸ்நானம் எடுத்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, மேசை மேசையாகப் போய், தன் வாழ்க்கை மாறிய கதையை ஆளுக்கு இருபது நிமிஷம் சொன்னான். நான்காவது மேசையில் அவன் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பிரசங்கியாரே. பக்கத்து மேசையில சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. மூணு தடவ கேட்டாச்சு. நாலாவது தடவைக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

லேப் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மருத்துவமனைகளிலிருந்து போன் செய்கிறவர்கள்கூட, "பிரசங்கி இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

லேப்பில் ஐந்து பேர். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவுகளில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பவர் ஒருவர். அந்த அச்சின்மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு அடுக்குபவர் மச்சான். பிரசங்கி அந்த மெழுகை உருக்கி வெளியேற்றி, அதன் இடத்தில் ரோஸ் நிற ஈறை நிரப்பி, வேகவைத்து, தேய்த்து முடிப்பான். மெருகேற்றுவது ஓர் அக்கா. அவர் காதில் அடிக்கடி பஞ்சு இருக்கும். மிஷின் சத்தத்துக்காக என்பார். மிஷின் ஓடாத நேரத்தில், பிரசங்கி பாட ஆரம்பித்த பிறகுதான் பஞ்சு உள்ளே போகிறது என்பது ஐந்தாவது பாடு. ஐந்தாவது ஆள் முதலாளியம்மா. கை கழுவும் இடத்தின் கண்ணாடியில் பிரசங்கி ஒட்டிய வசனத்தைக் கிழித்தவர். அது ஆறாவது. வசனத் தாளுக்குப் பின்னால் மறைந்து, ஈறு எத்தனை நிமிஷம் வேகவேண்டும் என்ற அட்டவணை இருந்தது. அதைப் பற்றி நோட்டில் குறிப்பில்லை.

பதினோராவது பாடு இந்தத் திங்கட்கிழமை வந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போகும் பல் செட்டுகளில் ஒரு பெயர்ச் சீட்டு பதிப்பது வழக்கம். நகக்கண் அகலத்தில் மெல்லிய காகிதம். ஈறின் உட்புறம் ஒரு சிறு பள்ளம் தோண்டி, சீட்டை வைத்து, மேலே கண்ணாடி போன்ற பிசினை ஊற்றி மூடிவிடுவார்கள். இல்லத்தில் எல்லோருடைய பல்லும் ஒரே தட்டில்தான் கழுவப் போகும். பெயர் இருந்தால்தான் அவரவர் பல் அவரவர் வாய்க்குத் திரும்பும். சீட்டு எழுதுவது பிரசங்கியின் வேலை.

போன வாரம் நான்கு செட்டுகள் போயின. சீட்டை எழுத உட்கார்ந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பெயர்தான் பெட்டிமேல் இருக்கிறதே. ஒரு மனிதன் பல்லைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்க்கும் நேரம் எவ்வளவு தனிமையான நேரம். அந்த நேரத்தில் அவன் கண்ணில் தன் பெயர் பட்டு என்ன பயன்? நான்கு சீட்டிலும் 'பயப்படாதே' என்று எழுதிப் பதித்துவிட்டான். எழுத்து அழகாக வந்திருந்தது.

இல்லத்தில் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை முதல் கழுவல். தட்டில் நான்கு செட்டு. நான்கும் 'பயப்படாதே' என்றன.

"பேரு எங்கப்பா?" என்று கேட்டார் முதலாளியம்மா. இல்லத்திலிருந்து வந்த போனை அப்போதுதான் வைத்திருந்தார்.

"பெட்டி மேல இருந்துதும்மா."

"பெட்டியவா வாயில மாட்டிக்கிறாங்க?"

பிரசங்கி பதில் சொல்லவில்லை. வேதத்தில் பெரியவர்கள் இப்படிப்பட்ட நேரங்களில் மௌனமாக இருந்திருக்கிறார்கள்.

"நாலு பேரு ரெண்டு நாளா சூப் குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. இனிமே சீட்டு எழுதறது உன் மச்சான். நீ அந்தப் பக்கமே போகாத. என்ன, கை நடுங்குது? பயப்படாதேன்னு எழுதின கைதான?"

மச்சான் சிரிப்பை அடக்குவதற்காக மெழுகுக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டார். பிறகு மதியமே கிளம்பி எங்கோ போனார். அவர் அடுக்கவேண்டிய வேலை அப்படியே கிடந்தது. பிரசங்கி அன்று நோட்டில் பதினொன்றை எழுதினான். ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டேன் என்று தொடங்கியது.

நோட்டுக்கு ஓர் உபயோகம் வந்திருந்தது. வருகிற ஞாயிறு சபையில் பதினைந்து நிமிஷம் பேசும்படி போதகர் சொல்லியிருந்தார். வேதத்தில் விசுவாசத்துக்கு வந்த புறக்கணிப்பும் பகையும் என்பது பொருள். பத்து நிமிஷம் வேதத்திலிருந்து, ஐந்து நிமிஷம் சொந்தச் சாட்சி. பிரசங்கி என்ற பெயரை மூன்று வருஷம் சுமந்தவனுக்கு இதுதான் முதல் பிரசங்கம்.

செவ்வாய் மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கையை மூன்றாவது முறை தேய்த்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு."

"எங்க?"

"சபைக்குத்தான். நீங்க பேசறத கேக்க."

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மூணு வருஷமா நான் கெஞ்சி வராத மனுஷன். நீங்க பேசறீங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளை மேடையில ஏறினா நாம கீழ இல்லாம எப்படின்னுட்டாரு. எந்தச் சட்டை போட்டுட்டு வரணும்னு வேற கேக்கறாரு."

"அப்படியா."

"என்னங்க, முகம் ஒரு மாதிரி போகுது? சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்."

"அப்ப செருப்ப கழட்டுங்க. உள்ள மண்ணு."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைத் திறந்தான். பதினொன்றில் ஏழு மச்சானுடையவை. பிரசங்கக் குறிப்பில் அவரைப் பெயர் சொல்லாமல் 'எனக்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவர்' என்று நாகரிகமாகத்தான் எழுதியிருந்தான். ஏழு இடங்களில் எழுதியிருந்தான். அந்த உறவினர் ஞாயிறன்று மூன்றாவது வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருப்பார். யார் அவர் என்று கண்டுபிடிக்கச் சபையாருக்குத் தீர்க்கதரிசன வரம் வேண்டியதில்லை.

ஏழையும் எடுத்துவிடலாம். மிச்சம் நான்கு. காதுப் பஞ்சு, கிழிந்த வசனம், விடியற்காலை ஜெபத்தின்போது கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் தன் கூரையைத் தட்டியது, சீட்டு வேலை போனது. ஐந்து நிமிஷம் இதில் ஓடாது. ஏழையும் வைத்தால் மச்சான் எழுந்து போய்விடுவார். மூன்று வருஷமாக அண்ணனுக்காக முழங்கால் தேய ஜெபித்தவள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில்?

"உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

புதன்கிழமை தேநீர் இடைவேளையில் வேதத்தை எடுத்துக்கொண்டு சரக்கு அறைக்குப் போனான். சாட்சியை நிரப்ப முடியாவிட்டால் வேதப் பகுதியை நீட்டிவிடலாம் என்பது திட்டம். பிளாஸ்டர் மூட்டையின்மேல் உட்கார்ந்து, பகைக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

எரேமியாவைச் சேற்றுக் குழியில் இறக்கினார்கள். ராஜா கேட்க விரும்பாத உண்மையைச் சொன்னதற்காக. ஸ்தேவானின் பேச்சைக் கேட்டவர்கள் கோபத்தில் பல்லைக் கடித்தார்கள் என்று வரும் இடத்தில் தொழில் புத்தி குறுக்கே வந்தது. அப்படிக் கடித்தால் கடைவாய்ப்பல் எவ்வளவு தேயும் என்று யோசித்தான். ஆண்டவரை அவருடைய சொந்த ஊர்க்காரர்களே மலை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் கடவுள் இரங்குவார் என்று சொன்னதற்காக. யாரும் அவர்களைப் பாடினதற்காகவோ, அட்டவணையை மறைத்ததற்காகவோ தள்ளவில்லை. இது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பேதுருவின் கடிதத்துக்கு வந்தான். கிறிஸ்தவன் என்பதற்காகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லும் இடம். பிரசங்கத்தின் உச்சத்துக்கு அதைத்தான் வைத்திருந்தான். அதற்கு முந்தின வரியில் பேதுரு எச்சரிக்கிறார்: கொலைகாரனாக, திருடனாக, பொல்லாதவனாக இருந்து அடிபட்டால் அது இந்தக் கணக்கில் சேராது. இந்த வரியை அவன் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறான். கொலை, திருட்டு என்றதும் நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவான். அன்று நிதானமாக வாசித்ததில், வரியின் கடைசியில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான். அடுத்தவர் காரியத்தில் தலையை நீட்டுகிறவன். கொலைகாரனோடு அதே வரிசையில்.

பேதுரு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார் என்று பிரசங்கிக்குப் பட்டது. வேதத்தை மூடிவிட்டு எழுந்தான். காற்சட்டையின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

வியாழன் காலை முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இல்லத்துக்குப் போயிட்டு வாங்க. பழைய சீட்ட தோண்டி எடுக்கறது நீ. புதுசு எழுதறது அவரு. மன்னிப்பு கேக்கறதும் நீதான். அத அவர் தலையில கட்டாத."

இல்லத்தின் முன்கூடத்தில் நான்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேசையில் நான்கு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில் பெயர். மச்சானின் கையெழுத்து. 'ர' எழுதினால் கால் ஒடிந்தது போல் இருக்கும்.

நர்ஸ் மச்சானைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"வாங்க சார். திங்கட்கிழமை நீங்க போனதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் இங்க அதே பேச்சுதான்."

"திங்கட்கிழமையா?" என்றான் பிரசங்கி.

"மதியம் வந்தவரு, இருட்டினதுக்கப்புறம்தான் போனாரு. ஒவ்வொரு செட்டா கழுவி, ஒவ்வொரு வாயா மாட்டிப் பாத்து, யாரோடது எதுன்னு பிரிச்சாரு. இந்தத் தாத்தா பக்கத்துக் கட்டில்காரரோட பல்லு நல்லா இருக்குன்னு திருப்பித் தர மாட்டேன்னுட்டாரு. அதுக்கே ஒரு மணி நேரம்."

"நல்லாத்தான் இருந்துது" என்றார் அந்தத் தாத்தா. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பல்லில்லாத வாயில் சொற்கள் வழுக்கின.

"யாரு இப்படி எழுதினதுன்னு கேட்டேன்" என்றாள் நர்ஸ். "எங்க வீட்டு ஆளுதான், நல்ல மனுஷன், கொஞ்சம் வேகம் ஜாஸ்தின்னாரு. அது நீங்களா?"

பிரசங்கி அரைக்கும் மிஷினைப் பையிலிருந்து எடுப்பதில் மும்முரமானான். மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை.

மன்னிப்பை அவன் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தான். முதல் வாக்கியத்தை முடிக்குமுன் கடைசி நாற்காலியிலிருந்த அம்மா கையைத் தூக்கினார். டெலிபோன் நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவர். பல் இல்லாமலே குரல் கூடத்தின் கோடிவரை போனது.

"நீதானா அந்தப் பயப்படாதே?"

"ஆமாங்கம்மா."

"யாரக் கேட்டு என் வாய்க்குள்ள எழுதின?"

"ஆறுதலா இருக்கும்னு..."

"நான் உன்கிட்ட ஆறுதல் கேட்டனா? பல்லு கேட்டேன். தட்டுல நாலு செட்டு இருக்கு, நாலும் பயப்படாதே பயப்படாதேன்னு என்னப் பாத்துச் சொல்லுது. எனக்கு அப்பதான்யா பயமே வந்துது."

மற்ற மூவரும் சிரித்தார்கள். பிரசங்கி தலையைக் குனிந்துகொண்டான். உள்ளுக்குள் ஒரு பழக்கப்பட்ட நிம்மதி பரவியது. வார்த்தையின் நிமித்தம் வரும் பகை. பன்னிரண்டு, என்று மனம் எண் போட்டுவிட்டது.

"பக்கத்துல வா" என்றார் டெலிபோன் அம்மா. மடியில் கிடந்த துணிப்பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அட்டை போய், பிளாஸ்திரி ஒட்டி, அதுவும் போய் இன்னொரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வேதம்.

"அறுபது வருஷமா வாசிக்கிறேன். நீ எழுதினது இதுல எத்தன இடத்துல வருதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அது ஏற்கனவே எனக்குள்ள இருக்கு. அத என் ஈறுல வேற எழுதணுமா? என் பேர எழுது. நான் போற அன்னைக்கு என் பல்லோட போகணும், அடுத்த ரூம்காரி பல்லோட இல்ல."

பன்னிரண்டு, வந்த வேகத்தில் போனது. போகும்போது தனியாகப் போகவில்லை. ஆறையும் ஐந்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது போல இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றான். பஸ்ஸில் தயாரித்ததைவிட இது சிறியது.

"சரி, தோண்டு. பசிக்குது."

தோண்டினான். பிசின் பொடி மூக்கில் ஏறியது. மச்சான் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெயர்களை எழுதினார். மூன்று செட்டுகள் முடிந்தன. நான்காவது கப்பல் சமையல்காரருடையது. அவர் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்னோடதுல கைய வைக்காத."

"பேரு போடணும் தாத்தா" என்றார் மச்சான்.

"போடு. அது இருக்கட்டும், அது பக்கத்துல போடு. எனக்குச் சாமியெல்லாம் ஒத்து வராது. ஆனா பல்ல கழட்டி வச்சா அந்த நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறது இது ஒண்ணுதான்."

பிரசங்கி மச்சானைப் பார்த்தான். மச்சான் இடத்தை அளந்தார். மற்றவர்களுக்கு எழுதியதில் பாதி அளவில், கால் ஒடியாத எழுத்தில், பெயரை எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது.  மூன்றாவது நிறுத்தத்தில் பிரசங்கி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினான்.

"என்னது இது?"

"வாசிங்க மச்சான்."

மச்சான் வாசித்தார். முதல் பக்கத்தில் புருவம் ஏறியது. இரண்டாவது பக்கத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது.

"மாப்பிள்ளை, இதெல்லாம் நானா?"

"ஏழு நீங்க."

"மூணாவது தப்பு. நீங்க சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணும்போது நான் சிரிக்கல. தும்மினேன். பிளாஸ்டர் தூசி."

"பல்லு தெரிஞ்சுது."

"தும்மினா பல்லு தெரியாதா? என்ன வேலை பாக்கறீங்க நீங்க?" அடுத்ததைப் படித்தார். "எட்டு. ஜெபக் கூட்டத்துக்குப் போக ஸ்கூட்டர் தரல. ஆமா, தரல. பிரேக் இல்லாத ஸ்கூட்டர். கொடுத்திருந்தா நேரா பரலோகத்துக்கே போயிருப்பீங்க. என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்."

"பிரேக் இல்லன்னு நீங்க சொல்லல."

"நீங்க கேக்கல. கேட்டுட்டு, நான் தரலன்னதும், உங்களுக்காக ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க." பக்கத்தைத் திருப்பினார். "பத்து. உங்க கடவுள் நேரத்துக்கு வரச் சொல்லலையான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். இது நான்தான். இது நல்லாத்தான் இருந்துது."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சான் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதத்தான் ஞாயித்துக்கிழமை வாசிக்கப் போறீங்களா?"

"முந்தாநாள் வரைக்கும் அப்படித்தான்."

மச்சான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். கடைசிவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"உங்க அண்ணன் எங்க மாப்பிள்ளை?"

பிரசங்கி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"பதினொண்ணு எழுதியிருக்கீங்க. நான் தும்மினதெல்லாம் இருக்கு. அவர் இல்லையே."

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஞானஸ்நானத்துக்கு அடுத்த வாரம், பிரசங்கி தன் அண்ணன் வீட்டுக்குப் போனான். துணைக்கு மச்சான் வந்தார். அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'எனக்குத் தம்பி இருந்தான், இப்ப இல்ல' என்றார். இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முகவரி தவறி வந்த ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னார். அதன்பின் போனை எடுக்கவில்லை. கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது.

"அது எழுத வரல மச்சான்" என்றான்.

"தெரியும். எனக்கும் அத கிண்டல் பண்ண வாய் வரல. மூணு வருஷத்துல அது ஒண்ணுதான் நான் விட்டுவச்சது." நோட்டை மூடி அவன் மடியில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை நான் வரட்டா, வேணாமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. தங்கச்சிகிட்ட வயித்துவலின்னு சொல்லிக்கிறேன்."

"வாங்க."

"திட்டுவீங்களா?"

"தெரியல. வாங்க."

ஞாயிறு காலை சபை நிறைந்திருந்தது. மச்சான் மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையில் இருந்தார். எப்போது எழவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்பதை முன்வரிசைக்காரரைப் பார்த்து ஒரு நொடி தாமதமாகச் செய்தார். பாட்டுப் புத்தகத்தைத் தங்கை பிடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பிரசங்கி கண்ணைக் குறிப்புத் தாளுக்கு இறக்கினான்.

எரேமியாவைச் சொன்னான். ஸ்தேவானைச் சொன்னான். கடைவாய்ப்பல் விஷயத்தை விட்டுவிட்டான். பிறகு பேதுருவின் வரியை எடுத்து, அதன் கடைசியில் நிற்கிற ஆளைக் காட்டினான்.

"நான் ரொம்ப நாளா இந்த ஆள பாக்கல. அவர் கொலைகாரனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தார். விசுவாசத்துக்காக எனக்கு வந்த கஷ்டம்னு பதினொண்ணு எழுதி வச்சிருந்தேன். இந்த வாரம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். அதுல பத்தை நானே வரவழைச்சுக்கிட்டேன்."

"பதினொண்ணும், மாப்பிள்ளை" என்றது மூன்றாவது வரிசை.

தங்கை அண்ணனின் தொடையைக் கிள்ளினாள். போதகர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சபையில் அப்படி யாரும் பேசியதில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு முன்னால் பரவி வந்து போதகரையும் தொட்டது.

"பதினொண்ணும்" என்று பிரசங்கி திருத்திக்கொண்டான். "அவங்க யாரும் என்னை ஆண்டவருக்காக வெறுக்கல. ஆண்டவர காரணம் காட்டி நான் பண்ணின தொல்லைய பொறுத்துக்கிட்டாங்க. பொறுத்துக்கிட்டவங்கள எதிரின்னு எழுதிட்டேன். அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

குறிப்புத் தாளில் இதற்குமேல் ஒன்றும் இல்லை. கடிகாரத்தில் நான்கு நிமிஷம் மிச்சமிருந்தது. உட்கார்ந்துவிட்டிருக்கலாம்.

"நான் எழுதாதது ஒண்ணு இருக்கு. எனக்கு ஒரு அண்ணன். என்னை சைக்கிள் முன்கம்பியில உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவர். எனக்கு இந்த வேலைய வாங்கிக் கொடுத்தவர். அவர்கிட்ட நான் எந்தத் தொல்லையும் பண்ணல. பிரசங்கம் பண்ணல. நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன்னு மட்டும் சொன்னேன். அவருக்குத் தம்பி இல்லன்னுட்டார்."

பிரசங்கி குறிப்புத் தாளை நான்காக மடித்தான்.

"அவர் கெட்டவர் இல்ல. எனக்கு அவர் மேல கோபம் வந்தா சுலபமா இருக்கும். வரல. ஆண்டவரோட சொந்தச் சகோதரர்களே அவர நம்பலன்னு வேதத்துல இருக்கு. நான் அத வாசிச்சுட்டு வேகமா தாண்டிப் போயிடுவேன். பிற்பாடு அவங்கள்ல ஒருத்தர் சபைக்குத் தூணா நின்னார். ஆனா நடுவுல ஒரு மரணமும் ஒரு உயிர்த்தெழுதலும் வேண்டியிருந்துது. எங்க அண்ணனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. கதவு சாத்தியிருக்கு. அது என்னோட தப்பால சாத்தினது இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் சமாளித்துவிடலாம் போலிருந்தது. மச்சான் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கி ஆமென் சொல்லாமலே இறங்கினான்.

ஆராதனை முடிந்து வாசலில் கூட்டம் கலைய நேரமாயிற்று. ஆள் மாற்றி ஆள் வந்து பிரசங்கியின் கையைப் பிடித்தார்கள். இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு கதவு இருக்கவேண்டும். கூட்டம் விலகியதும் மச்சான் வந்தார்.

"பெஞ்சா அது? முதுகு போயிடுச்சு."

"அண்ணா" என்றாள் தங்கை.

"இரும்மா. மாப்பிள்ளை, அடுத்த வாரம் யாரு பேசறா?"

பிரசங்கிக்கு நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அதை முகத்தில் காட்டாமலிருக்கப் பாடுபட்டான்.

"போதகர்."

"அப்ப நான் வரல."

தங்கையின் முகம் வாடத் தொடங்கியது. மச்சான் அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்க மறுபடி எப்ப பேசறீங்களோ அப்ப சொல்லுங்க. வர்றேன். நீங்க எண்ணிக்கை தப்பா சொன்னா திருத்த ஒரு ஆளு வேணும்ல?"

"அதுக்கு மட்டும்தான் வருவீங்களா மச்சான்?"

"இப்போதைக்கு அதுக்கு மட்டும்தான்" என்றார் மச்சான். "பெஞ்சுக்கு ஒரு மெத்தை போடச் சொல்லுங்க, மத்தத பிறகு பேசலாம்."